கர்ணன் கவசம் செய்வது எப்படி: வெட்டுவது ரூட்டர், வளைப்பது கை

கணினி சொல்லும் கோட்டில் நகர்ந்து வெட்டுகிற சிஎன்சி ரூட்டர் கைக்கு வந்ததும் பலருக்கும் வருகிற முதல் ஆசை, முழு மார்புக் கவசத்தையும் ஒரே கட்டையிலிருந்து குடைந்து எடுத்துவிட வேண்டும் என்பது. கணினித் திரையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிக் குடைந்த கவசம் கனக்கும். கட்டையில் பாதிக்கு மேல் தூளாகப் போகும். போட்டுக்கொண்டவர் மேடையில் குனிந்தால் விலாவில் இடிக்கும். நான் சொல்லப்போவது வேறு வழி. கவசத்தைத் தட்டையாக வரைந்து, தட்டையாக வெட்டி, சூடு காட்டி உடம்புக்கு ஏற்றபடி வளையுங்கள். பதக்கம், பூவேலை போன்றவற்றுக்கு மட்டும் ஒரே ஒரு மூலத்தை இயந்திரத்தில் செதுக்கி, அதிலிருந்து வேண்டிய மட்டும் வார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டில், பெயர்ப்பலகைக் கடை ஒன்றில் ரூட்டர் ஓட்டுகிறேன். பகலில் கடைகளுக்கும் கோயில்களுக்கும் எழுத்து வெட்டுகிற வேலை. பள்ளி நாடகம், கோயில் திருவிழா, டிசம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் காமிக் ஃபியஸ்டா என்ற சித்திரக்கதை விழாவுக்கு வேடம் கட்டிப் போகிற பிள்ளைகள் என்று கவச வேலையும் வந்துகொண்டே இருக்கும். கடை சாத்திய பிறகு இயந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ள எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, அனுமதிப்பார்.

அந்தக் காலத்துக் கூத்துக்காரர்கள் கிரீடத்தையும் புஜகீர்த்தி என்ற தோளணியையும் இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டிச் செய்தார்கள். விடிய விடிய ஆட வேண்டிய உடம்புக்குப் பாரம் ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியும். நாமும் அதையே முதல் விதியாக வைத்துக்கொள்ளலாம். கவசம் இரும்பு மாதிரி தெரிய வேண்டும், தொட்டால் ரப்பர் செருப்பு மாதிரி இருக்க வேண்டும்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது கர்ணன் கவசம். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டு வந்த வேலை. அவர் கேட்டதில் ஒரு சிக்கல் இருந்தது. "அண்ணே, கர்ணன் கவசத்தை அறுத்துத் தானமா கொடுக்கிற கட்டம்தான் நாடகத்துக்கே உயிர். பையன் மேடையில நின்னுக்கிட்டே கழற்றணும். யாரும் பின்னாலிருந்து வந்து உதவக்கூடாது," என்றார். கவசம் எப்படிப் பொருந்துகிறது என்பதைவிட எப்படிக் கழல்கிறது என்பதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

எந்த இயந்திரம், என்ன பொருள்

சொந்தமாக இயந்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஊரில் பெயர்ப்பலகைக் கடையோ தளவாடப் பட்டறையோ இருந்தால் அங்கே நாலடிக்கு நாலடி அல்லது நாலடிக்கு எட்டடி ரூட்டர் இருக்க வாய்ப்புண்டு. மில்லிமீட்டரில் வரைந்த டிஎக்ஸ்எஃப் (கோட்டு வரைபட) கோப்பையும் ஃபோம் தகட்டையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வெட்டுக் கோட்டை ஒரு நிறத்திலும் மடிப்புக் கோட்டை இன்னொரு நிறத்திலும் போட்டுக் கொடுத்தால் ஓட்டுகிறவருக்கு வேலை சுலபம், உங்களுக்கும் கூலி குறையும்.

வீட்டில் வைத்துக்கொள்வதானால் 3018 என்று விற்கிற சிறிய இயந்திரம் உண்டு. அதன் மேசை 300க்கு 180 மில்லி. பதக்கம், குண்டலம், வாள் பிடி எல்லாம் அதில் தாராளமாகச் செய்யலாம். மார்புக் கவசத்தை அதில் துண்டு துண்டாகத்தான் வெட்ட முடியும். அதுவும் குறை இல்லை, கவசம் என்றாலே பல தகடுகள் சேர்ந்ததுதானே.

உடம்பில் ஏறுகிற எல்லாவற்றுக்கும் ஈவிஏ ஃபோம் என்ற, ரப்பர் போன்ற இலேசான தகடு. மார்புக்கு 10 மில்லி, தோளிலும் முன்கையிலும் 5 அல்லது 6 மில்லி, விளிம்புப் பட்டைக்கு 2 அல்லது 3 மில்லி. தரையில் விரிக்கிற புதிர்ப் பாய்களும் ஈவிஏதான். வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே எழும்பி வந்தால் வாங்கலாம். நகம் பட்ட இடம் அப்படியே நின்றால் அது மென்மையான ரகம், ரூட்டரில் பிய்ந்து போகும்.

மூல உருவம் செதுக்க எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. நம் நாட்டு எம்டிஎஃப் பெரும்பாலும் கித்தா மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், நாரிலிருந்து வருவது. பால் வற்றிய மரத்தை இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டி மறுநடவு செய்வார்கள், வெட்டிய மரம் ஆலைக்குப் போகும். எங்கள் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரத்தின் நாரில் கர்ணனுக்குச் சூரியப் பதக்கம் செதுக்குகிறோம் என்பது எனக்குப் பெரிய விஷயம். அதனாலேயே இந்தப் பலகையின் தூளைக்கூட அலட்சியமாகக் கூட்டித் தள்ள மனசு வராது.

தூள் பற்றிச் சொல்ல வேண்டியதும் இதுதான் இடம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளையும், எம்டிஎஃப் பசையில் இருக்கிற ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. துணி மாஸ்க் போதாது, என்95 அல்லது அதற்கு மேல் போடுங்கள். தூசி உறிஞ்சி இல்லாமல் எம்டிஎஃப் வெட்டாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு சுழல்கிற பிட் (வெட்டுமுனை) பக்கம் போகாதீர்கள், துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். பெண்பிள்ளைகள் ஷாலையும் ஜடையையும் கட்டிக்கொண்டு வாருங்கள்.

பெயர்ப்பலகைக் கடைகளில் பிவிசி ஃபோம் பலகை மிச்சத் துண்டுகள் நிறையக் கிடக்கும். ரூட்டரில் அருமையாக வெட்டும். ஆனால் யாராவது லேசரில் வெட்டித் தருகிறேன் என்றால் கொடுக்க வேண்டாம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு.

உடம்பை அளப்பது

கர்ணனாக நடிக்கிறவருக்கு வீணாகப்போன பழைய டி-சட்டை ஒன்றைப் போட்டுவிடுங்கள். அதன் மேல் நெகிழித்தாள் சுற்றி, துணி டேப்பை இறுக்காமல் ஒட்டிக்கொண்டே வாருங்கள். அவர் மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்திருக்கும்போது ஒட்டினால்தான் பின்னால் வசனம் பேச இடம் இருக்கும். மார்க்கரால் நடுக்கோடு, தோள் மடிப்பு, விலாக் கோடு, இடுப்பு மடியும் இடம் எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, முதுகுப் பக்கம் கத்தரித்துக் கழற்றுங்கள். பிறகு கோடுகளின் வழியே வெட்டினால் தட்டையாகப் படியும் துண்டுகள் கிடைக்கும். படியாமல் எழும்பி நிற்கிற இடத்தில் ஒரு கத்தரிப்பு கொடுங்கள். அந்தக் கத்தரிப்பு விரிந்து காட்டுகிற முக்கோணம்தான் ஃபோமில் வெட்டி நீக்க வேண்டிய இடம்.

பாதி உடம்பு போதும், மறு பாதியைக் கணினியில் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். இடமும் வலமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக வருவதுதான் இந்த இயந்திரம் நமக்குத் தருகிற பெரிய உதவி. கையால் வெட்டினால் எவ்வளவு தேர்ந்தவருக்கும் இரண்டு தோள் கவசம் ஒரே மாதிரி வருவது கஷ்டம்.

துண்டுகளைத் தரையில் பரப்பி, பக்கத்தில் 300 மில்லி இரும்பு அடிக்கோல் ஒன்றை வைத்து, நேர் மேலே நாற்காலியில் ஏறி நின்று படம் எடுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் ஓரங்கள் வளைந்து தெரியும், கொஞ்சம் தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் படத்தை வைத்து, அடிக்கோல் 300 மில்லியாக வரும் வரை அளவை மாற்றிவிட்டு, மேலே கோடு இழுங்கள்.

வரைவதில் கவனிக்க வேண்டியவை

தடித்த ஃபோமை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் சுருங்கும். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் முன்கைக் கவசம் கையில் ஏறவே ஏறாது. கணக்கு எளிது. கையின் சுற்றளவோடு ஃபோமின் தடிப்பை 3.14ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். சுற்றளவு 260 மில்லி, ஃபோம் 10 மில்லி என்றால் 260ம் 31ம் சேர்ந்து 291. உள்ளே சட்டை இருந்தால் அதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

மடிப்புகளுக்கு 90 டிகிரி வி-பிட், அதாவது வி வடிவ நுனியுள்ள பிட். ஃபோமின் பின்பக்கத்தில் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குக் கீறினால் அங்கே கூர்மையாக மடியும். பின்பக்கம் வெட்டுவதால் வரைபடம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வெட்டி முடிந்ததுமே மார்க்கரால் 'இ', 'வ' என்று எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு கோப்பிலும் ஒரு மூலையில் 100 மில்லி சதுரம் ஒன்று வரைந்து வையுங்கள். இங்க்ஸ்கேப் 2017இல் 0.92 பதிப்போடு ஒரு அங்குலத்துக்கு 90 புள்ளி (டிபிஐ) என்ற கணக்கிலிருந்து 96க்கு மாறியது. பழைய கோப்பையோ, பழைய கணக்கில் ஓடும் வேறு மென்பொருளையோ சேர்த்துப் பயன்படுத்தினால் எல்லாம் ஆறேழு சதவீதம் பெரிதாகவோ சிறிதாகவோ வந்து நிற்கும். இயந்திரத்தில் ஏற்றுகிறபோது அந்தச் சதுரம் 100 காட்டினால் மேலே போகலாம், இல்லையென்றால் நிறுத்துங்கள்.

வெட்டுவது

ஃபோம் நெளியும், அதனால் மேசையில் பிடித்து வைப்பதுதான் முதல் வேலை. மேசைமேல் ஒரு எம்டிஎஃப் பலகையைப் பலி கொடுக்கவென்றே திருகி வைத்திருப்போம். அந்தப் பலகையில் மாஸ்க்கிங் டேப், ஃபோமின் அடியிலும் மாஸ்க்கிங் டேப், இரண்டு டேப்புக்கும் நடுவில் சூப்பர் குளு. அழுத்தினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். வெட்டி முடித்ததும் இரண்டு பக்கமும் டேப்பை உரித்துப் போட்டுவிடலாம், ஃபோமில் பிசுக்கு ஒட்டாது.

வெட்டிய துண்டு நகராமலிருக்க மரத்துக்கு வைப்பதுபோல ஃபோமுக்கு இணைப்புத் துண்டுகள் வைக்காதீர்கள். அவை இழுபட்டு விளிம்பைக் கெடுக்கும். அடியில் அரை மில்லி வெட்டாமல் விட்டுவிட்டு, பிறகு கத்தியால் அறுத்து எடுங்கள். 3 மில்லிக்குக் குறைந்த ஃபோமை ரூட்டர் பிட்டால் வெட்டுவதைவிட, பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலை ஓடவிடாமல் இழுவைக் கத்தி மாட்டி வெட்டுவது நல்லது. கத்தியின் நுனி மையத்திலிருந்து சற்றுப் பின்தங்கி வருவதால், மூலைகளில் கத்தி திரும்பச் சிறு வளையம் தேவை. அதற்கான வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வேகத்தைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானே வரும். பிட்டின் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றில் எவ்வளவு பொருளைச் சீவி எடுக்கிறது என்பதுதான் விஷயம். சுற்று வேகம், பல் எண்ணிக்கை, ஒரு பல் சீவும் அளவு, மூன்றையும் பெருக்கினால் நகர்வு வேகம் கிடைக்கும். நிமிடத்துக்கு 18,000 சுற்று, இரண்டு பல், பல்லுக்கு 0.1 மில்லி என்றால் நிமிடத்துக்கு 3,600 மில்லி. எம்டிஎஃப்பில் 6 மில்லி பிட்டுக்கு இது நல்ல தொடக்கம். சிறிய இயந்திரம் அவ்வளவு வேகம் தாங்காது. அப்போது சுற்றைக் குறையுங்கள், ஒற்றைப் பல் பிட் போடுங்கள்: 10,000 சுற்று, ஒரு பல், 0.1 என்றால் 1,000 மில்லி. பயந்துகொண்டு நகர்வை மட்டும் குறைத்து, சுற்றை அப்படியே விட்டால் பல் சீவாமல் தேய்க்கும். எம்டிஎஃப் கருகும், ஃபோம் உருகிப் பிட்டில் சுற்றிக்கொள்ளும். சூடு தூளோடு போக வேண்டும்.

ஃபோமுக்கு எப்போதும் புதுப் பிட். மரம் வெட்டித் தேய்ந்த பிட் ஃபோமைப் பிய்க்கும். தூளைக் கீழ்நோக்கித் தள்ளும் ரகமாக இருந்தால் மேல் விளிம்பு மயிர் இல்லாமல் வரும்.

எங்கள் பக்கம் பிற்பகலில் இடியோடு மழை பெய்யும். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். பலிப் பலகையில் 6 மில்லியில் ஒரு துளை போட்டு, அதையே ஒவ்வொரு வேலைக்கும் பூஜ்யப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்ததும் பிட்டை அந்தத் துளையின் நடுவுக்குக் கொண்டுவந்து, உயரத்தைப் பலகையின் மேற்பரப்பிலிருந்து எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் நீண்ட வேலையைத் தொடங்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

வளைப்பது

சூடான காற்று வீசும் ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். ஃபோமின் மேல் ஒரு மினுமினுப்பு ஓடும், அதுதான் அடையாளம். துளைகள் மூடிக்கொண்டன என்று அர்த்தம். உடனே கவிழ்த்த சட்டியின் மேலோ உங்கள் தொடையின் மேலோ வைத்து அழுத்தி, ஆறும் வரை விடாமல் பிடியுங்கள். சூட்டில் எவ்வளவு வளைகிறதோ ஆறியதும் அதில் கொஞ்சம் விரியும், ஆகவே தேவைக்கு மேல் சற்று அதிகமாகவே வளைத்து வையுங்கள்.

முன்பக்கத்தில் செதில் மாதிரி கோடு வேண்டுமா, அதற்குத் தனியாக எதையும் ஒட்ட வேண்டாம். வி-பிட்டால் 2 மில்லி ஆழத்துக்குக் கீறிவிட்டு, வளைக்கும்போது அந்தச் சூட்டையே கீறல் மேலும் காட்டுங்கள். கோடு வாய் பிளந்து அகலமாகும், ஓரம் உருண்டையாகும். பித்தளைத் தகட்டில் உளி வைத்துத் தட்டியது போலவே இருக்கும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், புகை வந்தால் சூடு அதிகம்.

ஒட்ட, செருப்புத் தைக்கிறவர்கள் பயன்படுத்துகிற மஞ்சள் பசை. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, ஒரே முயற்சியில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு நகர்த்த முடியாது.

கழல்கிற கவசம்

ஆசிரியை கேட்டதற்கு வருகிறேன். வெல்க்ரோ வைத்தால் வேலை முடிந்துவிடும், ஆனால் பிரிக்கும்போது 'பர்ர்' என்று சத்தம் கேட்கும். கவசத்தைத் தானமாகக் கொடுக்கிற அந்த நேரத்தில் மண்டபம் அமைதியாக இருக்கும், அந்தச் சத்தம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதனால் காந்தம்.

10 மில்லி விட்டமும் 2 மில்லி தடிப்பும் உள்ள நியோடிமியம் காந்த வில்லைகள். மார்புத் தகட்டின் விலா ஓரத்தில் பின்பக்கமும், முதுகுத் தகட்டின் ஓரத்தில் முன்பக்கமும் 30 மில்லி அகலத்துக்கு ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வரைந்தேன். அந்த ஏற்றத்தில் இரண்டு தகட்டிலும் ஒரே இடங்களில் 9.8 மில்லி விட்டத்தில், 2.5 மில்லி ஆழத்தில் குழிகள். ஃபோம் நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால் குழி காந்தத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால்தான் இறுக்கிப் பிடிக்கும். மேலே 2 மில்லி ஃபோம் ஒட்டி மூடிவிடுங்கள். காந்தம் வெளியே வந்து சின்னப் பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, ஆகவே மூடுவதில் அவசரம் வேண்டாம்.

கையால் குழி தோண்டினால் இரண்டு தகட்டிலும் காந்தங்கள் நேருக்கு நேர் வராது. ரூட்டரில் ஒரே வரைபடத்தைத் திருப்பிப் போட்டு வெட்டுவதால் மில்லி பிசகாமல் உட்காரும். காந்தங்களை ஒரே அடுக்காக வைத்து, மேல் முகம் எல்லாவற்றிலும் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மார்புத் தகட்டில் புள்ளி வெளியே தெரியட்டும், முதுகுத் தகட்டில் உள்ளே போகட்டும். இல்லாவிட்டால் பாதி காந்தம் இழுக்கும், பாதி தள்ளும்.

விலாவிலிருந்து தோள் வரை ஒரு கீறல் கோடு போட்டேன், சேரும் ஓரத்துக்கு நேர் மேலே. பையன் ஃபோம் கத்தியின் நுனியை அந்தக் கோட்டில் வைத்து மேலே இழுத்தால் காந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடுபடும். பார்க்கிறவர்களுக்கு அறுப்பது போலவே இருக்கும். தோளிலும் இதே ஏற்பாடுதான். குண்டலத்துக்கு வேறொன்றும் வேண்டாம், காதில் அழுத்திப் போடுகிற கிளிப் போதும். அதைக் கடைசியாகக் கழற்றட்டும்.

சூரியப் பதக்கம்

மார்பின் நடுவில் சூரியன். கர்ணனுக்கு அது இல்லாமல் முடியாது. இதற்குத்தான் முப்பரிமாணச் செதுக்கல். ப்ளெண்டர், ஃபிரீகேட் போன்ற முப்பரிமாண மென்பொருளில் உருவத்தைச் செய்துகொள்ளுங்கள். 150 மில்லி விட்டம், 12 மில்லி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 18 மில்லி எம்டிஎஃப் போதும்.

முதல் சுற்று 6 மில்லி தட்டைப் பிட்டால் அரை மில்லி மிச்சம் விட்டுக் குடையுங்கள். இரண்டாம் சுற்று 3 மில்லி உருண்டை நுனிப் பிட். இங்கேதான் பலரும் நேரத்தை வீணாக்குவார்கள். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் 0.3 மில்லி இடைவெளி வைத்தால் 500 ஓட்டம், ஒவ்வொன்றும் 150 மில்லி, மொத்தம் 75 மீட்டர். நிமிடத்துக்கு 1,500 மில்லியில் 50 நிமிடம் ஆகும். இடைவெளியை 0.6 ஆக்கினால் 25 நிமிடம். இரண்டிலும் ஓட்டங்களுக்கு நடுவே நிற்கிற வரப்பு உயரத்தைக் கணக்குப் போட்டால் 0.3க்கு நூறில் ஒரு பங்கு மில்லிகூட இல்லை, 0.6க்கு நூறில் மூன்று பங்கு. 240 நம்பர் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் அதுவும் போய்விடும். 0.6 போதும்.

நம் ரூட்டர் முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று திசையில் மட்டும் நகர்வது; மேலிருந்து மட்டுமே செதுக்கும், உள்ளே வளைந்து போகாது. வார்ப்பு வேலைக்கு இது வரம். செதுக்கியது எதுவாக இருந்தாலும் அச்சில் மாட்டிக்கொள்ளாமல் நேராகக் கழன்று வரும். செங்குத்துச் சுவர்களுக்கு மட்டும் 5 டிகிரி சாய்வு கொடுங்கள்.

எம்டிஎஃப் ஈரத்தை உறிஞ்சி ஊதும். அதனால் ஷெல்லாக் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மேலே வாசலைன் மிக மெல்லியதாக. சுற்றி அட்டையால் வரப்புக் கட்டி, பிளாஸ்டர் ஊற்றுங்கள். எடையில் பத்துப் பங்கு பிளாஸ்டருக்கு ஏழு பங்கு தண்ணீர். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீர் ஊற்றக்கூடாது. இறுகும்போது சூடேறும், ஆறியதும் பிரித்தெடுக்கலாம். அந்தச் சூடு தோலைச் சுட்டுவிடும், எந்தக் காரணத்துக்காகவும் பிளாஸ்டரை உடம்பின் மேல் ஊற்றாதீர்கள். பிளாஸ்டர் அச்சை முழுதாகக் காயவிடுங்கள், நம் ஊர் ஈரக் காற்றில் அதற்குப் பல நாள் பிடிக்கும்.

இப்போது பால். ஆமாம், கித்தாப் பால்தான். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட கித்தா மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்த மண்ணில் வாழ்கிற நமக்கு வேறு பொருளைத் தேட வேண்டியதில்லை. ஆனால் மரத்தடி மங்கில் (கிண்ணத்தில்) வடிந்த பாலை நேராக ஊற்ற முடியாது. அதில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், அமோனியா சேர்க்காவிட்டால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும், காய்ந்தாலும் பிசுபிசுக்கும். கடையில் முன்கூட்டியே வல்கனைஸ் செய்த (பிசுபிசுக்காமல் பதப்படுத்திய) லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால், என்று கேட்டு வாங்குங்கள். அதில் ரப்பர் ஏறத்தாழ 60 சதவீதம் இருக்கும்.

பிளாஸ்டர் அச்சை வழிய வழிய நிரப்புங்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், பால் சுவரோரமாக ஆடை கட்டும். ஓரத்தைச் சுண்டிப் பார்த்து ஆடை 2 மில்லி தடிப்பு வந்ததும் மிச்சத்தைத் திரும்ப டப்பாவில் ஊற்றிவிடுங்கள். மின்விசிறிக்கு முன்னால் இரவு முழுதும் வையுங்கள். மறுநாள் வெள்ளையாக இருந்தது தேன் நிறத்துக்கு மாறியிருக்கும். முகப்பவுடரைத் தூவிக்கொண்டே உரியுங்கள், பவுடர் இல்லாவிட்டால் ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் சில மில்லி சுருங்கும், அதனால் வேண்டிய அளவுக்குச் சற்றுப் பெரிதாகச் செதுக்கியிருக்க வேண்டும். இப்படி ஒரே அச்சில் கர்ணனுக்கும் எடுக்கலாம், கௌரவர் படை முழுவதுக்கும் தோள் பதக்கம் எடுக்கலாம். இயந்திரம் ஓடியது ஒரே ஒரு தடவை.

லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாது, தோல் தடித்துப் போகும். நடிக்கிறவரிடமும் பெற்றோரிடமும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒவ்வாதவருக்குப் பதக்கத்தை ஃபோமிலேயே செதுக்கிவிடலாம்.

தங்கப் பூச்சு

ஃபோமுக்கு முதலில் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து நாலைந்து பூச்சு, அப்புறம் கறுப்பு அக்ரிலிக், அதன் மேல் தங்கம். கறுப்பைக் கீறல்களில் அப்படியே விட்டுவிட்டு, மேட்டில் மட்டும் தங்கத்தை உலர்ந்த தூரிகையால் தொட்டால் ஆழம் தெரியும்.

ரப்பர் பதக்கத்துக்குத் தங்க நிறம் வாங்கும்போது மிகவும் கவனம். பித்தளைத் தூள், வெண்கலத் தூள் கலந்த தங்கப் பெயிண்டில் செம்பு இருக்கிறது. செம்பு இயற்கை ரப்பரை அரித்துவிடும், நாளடைவில் பதக்கம் பிசின் மாதிரி இளகிப்போகும். மைக்கா (அப்பிரகம்) கலந்த தங்க அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள். மினுமினுப்பு சற்றுக் குறைவுதான், ஆனால் அடுத்த ஆண்டு நாடகத்துக்கும் பதக்கம் இருக்கும்.

வாள்

வாளுக்குள் இரும்போ மரமோ வேண்டாம். நடுவில் கண்ணாடியிழைக் கம்பி, இரண்டு பக்கமும் 10 மில்லி ஃபோம். இரண்டு துண்டிலும் கம்பிக்கான பாதியளவு வாய்க்காலை உருண்டை நுனிப் பிட்டால் ரூட்டரே வெட்டிவிடும். கம்பி நுனியை ஃபோமுக்குள் இரண்டு விரற்கடை முன்பாகவே நிறுத்தி, நுனியில் ஒரு ரப்பர் தொப்பி மாட்டுங்கள். பிள்ளைகள் சொன்னதைக் கேட்காமல் குத்தி விளையாடுவார்கள். பஸ்ஸிலோ மோட்டாரிலோ எடுத்துப்போகும்போது துணிப்பையில் சுற்றி எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

நாடகம் முடிந்ததும் கவசத்தைக் கார் பூட்டில் போட்டு வைக்காதீர்கள். வெயிலில் நின்ற காரின் சூட்டில் நீங்கள் வளைத்த வளைவெல்லாம் தட்டையாகிவிடும். தடித்த ஹேங்கரில் மாட்டி நிழலில் வையுங்கள், பதக்கங்களுக்குப் பவுடர் போட்டு இருட்டான டப்பாவில் வையுங்கள். கோப்பைச் சேமிக்கும்போது பெயரிலேயே பிட் அளவையும் ஃபோம் தடிப்பையும் எழுதிவிடுங்கள்: 'கர்ணன்_மார்பு_இடம்_10மில்லி_விபிட்90' என்பது மாதிரி. அடுத்த ஆண்டுக் கர்ணன் இரண்டு அங்குலம் பெரிய பையனாக இருந்தால், காந்தக் குழிகளைத் தனி அடுக்கில் வைத்துவிட்டு வெளிக்கோட்டை மட்டும் பெரிதாக்குங்கள். குழியின் அளவு மாறாமல் இருந்தால் பழைய காந்தங்களே அதில் உட்காரும்.